பாலோவில் மட்டும் காணாமல் போகிறவர்கள்

7 ஜூலை, திங்கள்

காலையில் துணி காயப் போட்டேன், மழை வந்தது. எடுத்தேன், வெயில் அடித்தது. எங்கள் ஊர் மாசாயின் வானத்துக்கு என்மேல் என்ன கோபமோ.

லோஷினிக்கு இரட்டைச் சடை பின்னி ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன். எட்டு வயதுப் பிள்ளை, அம்மா கையால் சடை பின்னிக்கொள்வது இந்த மூன்று மாதமாகத்தான். அதற்கு முன்னால் பத்து வருஷம் சிங்கப்பூர் பாக்டரி லைனில் கம்ப்யூட்டர் சில்லு பார்க்கிற வேலை; அவள் எழுந்திருக்கும்போது நான் சிங்கப்பூர் பாலத்தில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு அக்காதான் அவளுக்குப் பசியாறக் கொடுத்து, தலைவாரி அனுப்பினார். அந்த விடியற்காலை அலாரம் இன்னும் என் போனில் இருக்கிறது. அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

இன்று மாசாய் கண் சிகிச்சை மையம். முதலாளி மிஸ்டர் லோ எழுதிய 'பாண்டாங்' ப்ரோகிராமை அங்கே போட வேண்டும். பாண்டாங் என்றால் மலாயில் பார்ப்பது. கண் மையங்களுக்கு எழுதியதால் அந்தப் பெயர். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, டெர்மினல் என்கிற கறுப்புச் சன்னலில் வெறும் எழுத்து. நோயாளி பெயரைத் தட்டினால் எந்தக் கண், என்ன சொட்டு மருந்து, அடுத்து எப்போது வரவேண்டும், எல்லாம் வரும். தர்மத்துக்கு நடக்கிற மையங்கள், யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள். அதில் இதுதான் மூச்சு வாங்காமல் ஓடும்.

மூன்று ஊர், மூன்று விதச் சிஸ்டம்: மாசாயில் விண்டோஸ், லாபிஸில் மேக், பாலோவில் லினக்ஸ். மூன்றிலும் நான்தான் போட வேண்டும். ஒரு மாதம் புகார் இல்லாமல் ஓடினால் செப்டம்பர் கடைசியில் ப்ரோபேஷன் முடிந்து என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால்? மிஸ்டர் லோ, "வி ஸீ ஹவ் லா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். எனக்கு அலாரம் அடித்த மாதிரி இருந்தது.

விண்டோஸ் லேசில் விடவில்லை. ஃபைலைத் தொட்டதும் பெரிய நீலப் பெட்டி: இதை எழுதியவர் யாரென்று தெரியாது, கம்ப்யூட்டருக்கு ஆபத்து. கவுண்டரில் இருக்கிற கிருஷ்ணம்மாக்கா எழுந்தே நின்றுவிட்டார். "ஏம்மா ஷாமளா, வைரஸா? டாக்டர் என்னைத்தான் ஏசுவாரு."

"வைரஸ் இல்லக்கா. நம்மளத் தெரியலையாம் அதுக்கு."

'மேலும் விவரம்' என்று சின்ன எழுத்தில் ஒளிந்திருந்ததை அழுத்தினால்தான் 'பரவாயில்லை, ஓட்டு' வருகிறது. அப்புறம் ப்ரோகிராம் எந்த இடத்தில் இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொன்ன பிறகும் 'அப்படி ஒன்று இல்லை' என்றது. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், திறந்திருந்த கறுப்புச் சன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய சன்னலுக்குப் புது சேதி தெரியாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு கீபோர்டைத் தூக்கி நாலு போடு போட்டிருப்பேன். தானமாக வந்தது, பாவம்.

சோதிக்க என் பெயரையே நோயாளியாக அடித்தேன். ஷாமளா ஐயாசாமி, இடது கண், சொட்டு மருந்து. மூடித் திறந்து தேடினேன். வந்தது.


8 ஜூலை, செவ்வாய்

கிருஷ்ணம்மாக்கா நோயாளிகளின் ஐ.சி. அடையாள அட்டையைப் பார்த்து டக்கு டக்கென்று அடிக்கிறார். ஒரு காலைக்குள் முப்பது பேர். அப்படியே என் கைவேகம்.


16 ஜூலை, புதன்

லாபிஸ். ஆபீஸ் காடியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஏர்கோன் இல்லை. போய்ச் சேரும்போது நானே பாதி வெந்திருந்தேன்.

அங்கே டாக்டர் ரீத்தா தன்னுடைய பழைய மேக்கைத்தான் மையத்துக்குக் கொடுத்திருக்கிறார். கவுண்டருக்கு ஆள் கிடையாது, அவரே பெயரெடுத்து, அவரே கண் பார்த்து, அவரே ஃபைலும் போடுகிறார். பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். 'தவறான வகை சிப்' என்று ஒற்றை வரியில் முகத்திலடித்த மாதிரி பதில். மேக் என்றால் ஒரே மேக் என்று நினைத்தேன். புதுசுக்கு ஒரு ஃபைல், பழசுக்கு வேறு ஃபைலாம். எனக்கு யார் சொன்னார்கள்? மிஸ்டர் லோவுக்குப் போன் அடித்து பழசுக்கு உள்ளதை இறக்கினால், இப்போது மேக்கே தடுக்கிறது: இணையத்திலிருந்து வந்தது, சோதிக்க முடியவில்லை, குப்பையில் போடட்டுமா? குப்பையில் போடட்டுமாவாம்! லாபிஸ் வரைக்கும் வெந்து வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

செட்டிங்ஸில் பாதுகாப்புப் பக்கத்தில் கடைசிவரை இறங்கினால் 'எப்படியும் திற' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் பாஸ்வேர்ட் கேட்கிறது. டாக்டர் ரீத்தாவுக்கு மறந்துவிட்டது. மகன் பிறந்தநாள், அப்பா பிறந்தநாள், கல்யாண நாள். எதுவும் இல்லை. "என் வீட்டுக்காரர் பிறந்தநாளா இருக்காது, அதை நான் ஞாபகம் வெச்சதே இல்ல" என்றார். அதுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

ஷாமளா ஐயாசாமி, இடது கண். வந்தது.


24 ஜூலை, வியாழன்

பாலோ. எனக்கு லினக்ஸ் என்றால் பயம். ஆனால் இன்று கம்ப்யூட்டரைவிட, கவுண்டரில் இருந்த கக் நோராய்னிதான் அதிகம் பயந்தார். கக் என்றால் மலாயில் அக்கா. ஐம்பது வயது இருக்கும், மெதுவான ஆள். ஒவ்வொரு எழுத்தையும் தேடி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். இவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று மனசுக்குள் நினைத்தேன்.

முதலில் 'அனுமதி இல்லை'. ஓடலாம் என்று ஃபைலுக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். அடுத்து, இந்தச் சிஸ்டம் ரொம்பப் பழசு, ப்ரோகிராம் கேட்கிற ஒரு லைப்ரரி இதில் இல்லை என்றது. மிஸ்டர் லோ பழைய லினக்ஸுக்கென்று தனியாகச் செய்து அனுப்பினார். அதற்குள் நானும் கக் நோராய்னியும் இரண்டு கோப்பி குடித்துவிட்டோம். கடைசியாக பாஸ்வேர்ட். லினக்ஸில் பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கக் நோராய்னி, "அலமாக், கீபோர்ட் ரோசாக்!" என்று, அது கெட்டுப்போனதாக நினைத்து, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். மூன்று முறை அடித்த பாஸ்வேர்ட் மூன்று முறையும் போச்சு.

இருந்தாலும் முடித்துவிட்டேன். ஷாமளா ஐயாசாமி, இடது கண். வந்தது.

வரும் வழியில் காடியைப் பாமாயில் தோட்டத்து ஓரம் நிறுத்தி, பொட்டலமாகத் தபாவ் பண்ணிய மீ கோரெங் நூடுல்ஸைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று சிஸ்டம்! லைனில் சில்லு பார்த்துக்கொண்டிருந்தவள்! எனக்கே என்மேல் மரியாதை வந்தது.


1 ஆகஸ்ட், வெள்ளி

இன்றிலிருந்து கணக்கு. இந்த மாதம் புகார் வராமல் இருக்கட்டும் முருகா.


9 ஆகஸ்ட், சனி

லோஷினியைப் பூப்பந்துப் போட்டியில் சேர்க்க இணையத்தில் பெயர் கொடுத்தேன். பெயரில் ஆகாத எழுத்து இருக்கிறது என்று இரண்டு தடவை சிவப்பாகக் கத்தியது. வழக்கம்போல எடுத்துவிட்டு அடித்தேன். போய்விட்டது.

இவர் ஞாயிறு ஓவர்டைம் இல்லை என்றார். என் வீட்டுக்காரர் ஹேமநாதன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதே ஒரு விசேஷம். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் அவரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மீன் வாங்கச் சொல்லியிருக்கிறார். மீன்!


14 ஆகஸ்ட், வியாழன்

பாலோவிலிருந்து போன். ராஜம்மா என்று ஒரு நோயாளி, கண் புரை எடுத்தவர். இன்று மறுபடி வந்திருக்கிறார். ப்ரோகிராமில் ஆளே இல்லை. கக் நோராய்னி, "போன தடவை நானே பதிஞ்சேன், இப்ப தேடினா தாக் அடா, இல்லவே இல்ல" என்கிறார்.

தப்பாக அடித்திருப்பார். அந்த விரலைத்தான் பார்த்தேனே. மறுபடி பதியச் சொன்னேன்.


20 ஆகஸ்ட், புதன்

போச்சு. ராஜம்மா மறுபடி வந்திருக்கிறார், மறுபடி இல்லை. அதோடு சுகுமாறன் என்று ஒருத்தர், வெள்ளையம்மா என்று ஒருத்தர். பதிந்தவர்கள் பதிந்தபடி காணாமல் போகிறார்கள். மாசாயில் ஒன்றும் இல்லை. லாபிஸிலும் இல்லை. பாலோவில் மட்டும்.

மிஸ்டர் லோ அமைதியான மனிதர், சத்தம் போடமாட்டார். அதுதான் கஷ்டம். "அதே ப்ரோகிராம் ரெண்டு இடத்துல சரியா ஓடுது. மூணாவது இடத்துல ஓடல. அப்ப ப்ரோகிராம்ல தப்பு இல்ல. போட்டதுலதான் தப்பு." பொறுமையாக, பிள்ளைக்குக் கணக்குச் சொல்கிற மாதிரி.

போட்டது நான்.


21 ஆகஸ்ட், வியாழன்

பாலோ போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். என் பெயரை அடித்தேன். வந்தது. தமிழ்ப் பெயரே ஆகவில்லையோ என்று லோஷினி பெயரையும் இவர் பெயரையும் அடித்தேன். லோஷினி ஹேமநாதன், வந்தது. ஹேமநாதன் கமலநாதன், வந்தது. பிறகு என்னதான் வேண்டும் இந்தச் சனியனுக்கு?


22 ஆகஸ்ட், வெள்ளி

இன்னும் இரண்டு பேர் இல்லை.

காணாமல் போனவர்கள் எல்லாரும் நம்ம ஆட்கள். ஒரு சீனர் இல்லை, ஒரு மலாய்க்காரர் இல்லை. கக் நோராய்னிக்கு நம்ம பேர்னா அலட்சியமா? பாதியில விட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுறாங்களா? பத்து வருஷம் லைன்ல பார்த்தாச்சு, நம்ம பேரை வாயில வைக்கவே சோம்பல் படுறவங்களை. சிரிச்சு சிரிச்சுக் கோப்பி வாங்கிக் கொடுத்தாங்களே? அப்படிப்பட்ட ஆளாத் தெரியலையே? தெரியல. எனக்கு ஒன்னுமே தெரியல.


23 ஆகஸ்ட், சனி

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டார். "உன் பழைய லைன்ல ஆள் எடுக்கிறாங்களாம் ஷாமு. கேட்டு வைக்கட்டுமா? சும்மா, கேட்டு மட்டும் வைக்கிறேன்."

"கேளுங்க" என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாலு மாதம் சடை பின்னியது போதும் என்று யாரோ கையிலிருந்து சீப்பைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.


26 ஆகஸ்ட், செவ்வாய்

முழுதாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

இன்று ஒரு முடிவோடு பாலோ போனேன். கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. கக் நோராய்னி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது. உள்ளபடி சொன்னால், பிடிப்பதற்காகத்தான் போனேன்.

முதலில் ஒரு சீனத் தாத்தா. ஐ.சி.யை வாங்கினார், பார்த்தார், அடித்தார். பிறகு ஒரு மலாய் அம்மா, பெயரில் மகள் என்கிற 'பிந்தி', அப்பா பெயர், எல்லாம் நீளமாக. எழுத்து எழுத்தாக அடித்தார். இரண்டும் தேடினால் வந்தது.

அப்புறம் ராஜம்மா வந்தார். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கறுப்புக் கண்ணாடி, கையில் குடை, வாயில் நெருப்பு. நான் தமிழ் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கம்ப்யூட்டர் புள்ளையா? நல்லா இருக்கியாம்மா? ஒவ்வொரு வாட்டியும் நான் இல்லவே இல்லைங்குதாம் அது. நான்தான் பஸ் ஏறி வந்து முன்னாலயே நிக்கிறேனே! இன்னும் எப்படி இருக்கணுமாம் நானு?"

"மன்னிச்சுக்கங்கம்மா. இன்னைக்குப் பார்த்துடறேன்."

"பாரு, பாரு. எனக்கும் பார்க்கணும்னுதான் கண்ணு ஆபரேசனே பண்ணிக்கிட்டேன்."

கக் நோராய்னி ஐ.சி.யை வாங்கினார். விரல் தேடியது. ராஜம்மா என்று அடித்தார். பிறகு விரல் கீழே வலது மூலைக்கு, நான் ஒருநாளும் தொடாத ஒரு பொத்தானுக்குப் போனது. ஏ, சாய்கோடு, பி. அப்புறம் முனுசாமி.

ராஜம்மா ஏ/பி முனுசாமி. முனுசாமி மகள் ராஜம்மா. பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான், ஐ.சி.யில் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான், லோஷினிக்கும் அப்படித்தான். இந்த நாட்டில் நம்ம பெயர் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கோடு நிற்கிறது. பெண்ணுக்கு ஏ/பி, ஆணுக்கு ஏ/எல்.

கம்ப்யூட்டருக்குச் சாய்கோடு வந்தால் ஒரே அர்த்தம்தான்: இந்தப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. மிஸ்டர் லோவின் ப்ரோகிராம் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போடுகிறது. போய்ப் பார்த்தேன். 'ராஜம்மா ஏ' என்று ஒரு ஃபோல்டர், காலி. அதற்குள்ளே 'பி முனுசாமி' என்று இன்னொன்று. ராஜம்மாவின் கண், மருந்து, தேதி எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தது. தேடும்போது ப்ரோகிராம் மேல்பெட்டியை மட்டும் பார்க்கிறது, உள்பெட்டியைத் திறப்பதில்லை. சுகுமாறனும் வெள்ளையம்மாவும் அப்படியே இரண்டு துண்டாகக் கிடந்தார்கள்.

உடனே என் லேப்டாப்பில், விண்டோஸில், கோட்டோடு அடித்துப் பார்த்தேன். காணோம். டாக்டர் ரீத்தாவுக்குப் போன் போட்டு மேக்கில் அடிக்கச் சொன்னேன். "ஷாமளா, வரலையே" என்றார். லினக்ஸ் பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. மூன்றிலும் ஒரே மாதிரி ஓடுகிறது என்று மார்தட்டினேனே, மூன்றிலும் ஒரே மாதிரிதான் ஓடியிருக்கிறது.

பிறகு ஏன் பாலோவில் மட்டும்? டாக்டர் ரீத்தாவிடமே கேட்டேன். "நான் அதை அடிக்கிறதே இல்லம்மா. எந்தச் சிஸ்டம் அதை ஏத்துக்குது? பிளேன் டிக்கெட்லேர்ந்து பழக்கம்." கிருஷ்ணம்மாக்காவைக் கேட்டேன். "அதெல்லாம் யார் போடுவா? ஏரர்தான் வரும்" என்றார். நானும் அப்படித்தானே? ஒவ்வொரு ஊரிலும் என் பெயரை அடித்துச் சோதித்தேன். ஷாமளா ஐயாசாமி. ஏ/பி எங்கே? யாரும் எடுக்கச் சொல்லவில்லை, கை தானாகவே எடுத்துவிட்டது.

தமிழ் ஆட்கள் மூன்று பேரும் நம்ம பெயரை வெட்டி வெட்டி அடித்ததால்தான் மாசாயிலும் லாபிஸிலும் எல்லாம் நன்றாக ஓடியது. முழுப் பெயரையும் மரியாதையாக அடித்த ஒரே ஆள் கக் நோராய்னி. அவர்மேல்தான் சந்தேகப்பட்டேன். ச்சீ.

ராஜம்மாவின் கண்ணை அங்கிருந்த டாக்டர் பார்த்தார். கண் அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. முதலில் கொடுத்த மருந்து எது என்று தெரியாமல், அதற்கப்புறம் வேறு ஏதோ கொடுத்திருக்கிறார்கள். இப்போது சரியான மருந்து கொடுத்தாயிற்று, பார்வைக்கு ஆபத்தில்லை. அந்த அம்மா போகும்போது கன்னத்தைத் தட்டி, "கண்டுபிடிச்சிட்டியா? கெட்டிக்காரி" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

கக் நோராய்னிக்கு நாளிதழில் சுற்றிய சூடான கோரெங் பிசாங், அந்த வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.


27 ஆகஸ்ட், புதன்

மிஸ்டர் லோவிடம் எல்லாம் காட்டினேன். பார்த்தார். காது கொஞ்சம் சிவந்தது. பிறகு சிரித்தார்.

"ஈஸி லா. பாலோ கவுண்டர் அம்மாகிட்ட அந்தக் கோட்டை விட்டுட்டு அடிக்கச் சொல்லு. மத்த ரெண்டு இடம் மாதிரியே. ஒரு போன் கால். ஆகஸ்ட் மாசத்தை கிளீன்னு எழுதிக்கிறேன்."

கிளீன். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் தவம். "சரி மிஸ்டர் லோ" என்று சொல்லிவிட்டேன். இவருக்கும் மெசேஜ் அனுப்பினேன், பழைய லைனில் கேட்க வேண்டாம் என்று. ஆட்டுக்கறி வாங்கி வந்தார்.


28 ஆகஸ்ட், வியாழன்

பூப்பந்துப் போட்டிக்கு லோஷினியின் பெயர் அட்டை வந்திருந்தது. லோஷினி ஏபி ஹேமநாதன். கோடு போய், இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "ஏபின்னா யாரும்மா? என் நடுப்பேரா?" என்றாள். ஸ்கூலுக்கு நேரமாச்சு, போ என்று தள்ளிவிட்டேன்.

ஆபீஸில் பாலோவுக்குப் போன் அடித்தேன். இனிமேல் கோடு வேண்டாம், எடுத்துவிட்டு அடியுங்கள் என்றேன். கக் நோராய்னி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முடியும் ஷாமளா. ஆனா அவங்க ஐ.சி.யை நீட்டுறாங்க. அதுல உள்ளதை நான் மாத்தி அடிக்கிறதா? எனக்கு மனசு வரலையே."

அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு மட்டும் எப்படி வந்தது?

"இருங்க கக். இப்ப ஒன்னும் மாத்தாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் ஒரு சின்ன விஷயம். ஃபோல்டருக்குப் பெயரை வைக்காமல் ஐ.சி. எண்ணை வைத்தால் போதும். பெயர் உள்ளே எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். மிஸ்டர் லோவிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மாற்றினால் மூன்று இடத்திலும் புதிதாகப் போடணும், பழைய ஃபைல்களை நகர்த்தணும், ஆகஸ்ட் மாதம் கணக்கில் வராது, புதிதாக ஒரு மாதம் ஓட்டிக் காட்டணும் என்றார். "உன் ப்ரோபேஷன் அதுக்கு முன்னாடி முடிஞ்சிடும். நான் ப்ராமிஸ் பண்ண முடியாது, ஷாமளா. ஒரு கோட்டுக்காக?"

"கோட்டுக்காக இல்ல மிஸ்டர் லோ. அந்தம்மா அத்தனை தடவை பஸ் ஏறி வந்தாங்க, அவங்க இல்லைன்னு சொன்னோம். அவங்க பேர் அதுதான். ப்ரோகிராம்தான் மாறணும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓகே. நீயே போய் மூணு இடத்துலயும் போடு."

வீட்டில் சொன்னேன். இவர் தட்டில் கை வைத்தபடி என்னையே பார்த்தார். "கைக்கு வந்ததை நீயே தள்ளிவிட்டியா?" அவர் தட்டில் குழம்பை ஊற்றினேன். சாப்பிட்டு முடித்ததும் அவரே, "எனக்கும் சம்பளச் சீட்டுல கோடு கிடையாது. பதினாலு வருஷம். நான் கேட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார்.


31 ஆகஸ்ட், ஞாயிறு

மெர்டேக்கா, சுதந்திர தினம். எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் கொடி. தூங்கினேன்.


8 செப்டம்பர், திங்கள்

மூன்றும் முடிந்தது. மாசாயில் நீலப் பெட்டி வந்தபோது கிருஷ்ணம்மாக்காவே 'மேலும் விவரம்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டினார். லாபிஸில் சரியான ஃபைலை முதலிலேயே எடுத்துப் போனேன். டாக்டர் ரீத்தா வீட்டுக்காரரின் பிறந்தநாளை ஒரே மூச்சில் சொன்னார். ஞாபகம் வைத்துவிட்டாராம், அவருக்கே ஆச்சரியம். பாலோவில் பாஸ்வேர்ட் திரையில் தெரியாததைப் பார்த்து கக் நோராய்னி, "கவலைப்படாதே, போகுது, போகுது" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

மூன்று இடத்திலும் சோதித்தேன். ஷாமளா ஏ/பி ஐயாசாமி. அந்தப் பொத்தானைத் தேட வேண்டியிருந்தது. கக் நோராய்னி மாதிரி விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

வந்தது.


19 செப்டம்பர், வெள்ளி

ராஜம்மா பாலோவுக்கு வந்தாராம். பெயர் அடித்ததும் வந்ததாம். "இப்ப நான் இருக்கேனா?" என்று திரையை எட்டிப் பார்த்துக் கேட்டாராம். கக் நோராய்னி போனில் அவரைப் போலவே பேசிக் காட்டினார். மலாய்க் குரலில் ராஜம்மா. சிரித்து வயிறு வலித்தது.


30 செப்டம்பர், செவ்வாய்

ப்ரோபேஷன் முடிகிற நாள். மிஸ்டர் லோ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாளை வரலாமா வேண்டாமா? கேட்கவே பயம். ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். பின்னாலிருந்து, "மாசம் இன்னும் முடியல இல்ல? டுமாரோ பாலோ லாக் பதிவைப் பாரு" என்றார். அவ்வளவுதான். நாளைக்கு வரலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

இவர் பழைய லைனில் மறுபடி கேட்டு வைத்திருக்கிறார். தீபாவளி கழித்து வரச் சொல்கிறார்களாம். இவரைத் தப்பு சொல்ல முடியாது.


9 அக்டோபர், வியாழன்

ஒரு மாதம் ஆயிற்று. ஒரு புகார் இல்லை. மூன்று ஊரிலும்.

மிஸ்டர் லோ ப்ரோகிராமில் புதிதாக ஒரு சோதனைப் பட்டியல் சேர்த்திருக்கிறார். எந்த ஊரில் போட்டாலும் முதலில் அடித்துப் பார்க்க வேண்டிய பெயர்கள். அவர் அப்பா பெயர், யாரோ ஒரு பிந்தி, அடுத்ததாக ராஜம்மா ஏ/பி முனுசாமி. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானாகப் பார்த்ததுதான்.


17 அக்டோபர், வெள்ளி

முறுக்குக்கு மாவு அரைத்து வந்து வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். மேசைமேல் கவர். நிரந்தரம் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். கழிவறைக்குப் போய் மூன்றாவது தடவை படித்தேன். இந்தத் தடவை குழாயைத் திறக்காமலே அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால்தான் தெரிந்தது. மேலே என் பெயர்: ஷாமளா ஏபி ஐயாசாமி. ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

கொண்டுபோய் மிஸ்டர் லோ முன்னால் வைத்தேன். "பேர் தப்பா இருக்கு." அவர் பார்த்தார். கடிதம் அடிக்கிற சாஃப்ட்வேர் அந்தக் கோட்டை எடுத்துக்கொள்ளாதாம், வாங்கின சாஃப்ட்வேர், அவர் எழுதியதில்லையாம். நான் கடிதத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன். அவர் பேனாவை எடுத்தார், மறுபடி மேசையில் வைத்தார், "ஹையோ, ஷாமளா" என்று பெருமூச்சு விட்டார். "தீபாவளி லீவு முடிஞ்சு வா. சரியா வெச்சிருக்கேன்."

வீட்டில் சொன்னேன். "வந்த கடிதத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டியா!" என்று இவர் தலையில் கை வைத்தார். பிறகு தன் சம்பளச் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்து, இதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று கேட்டார்.

லோஷினிக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். விடியற்காலை எழ இவர் அலாரம் இவர் போனில் இருக்கிறது. என்னுடையதை அழித்துவிட்டேன்.